கரைவலை மடியும் கருந்துளையும்

வணக்கம் மக்களே. தனுஷ்கோடியில் நிற்கிறேன், காலை ஆறரை மணி. காற்று பலமாக இருக்கிறது, குரல் சரியாகக் கேட்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கருந்துளை பற்றிப் பேசப்போகிறேன். வானத்தில் இருக்கிற கருந்துளை இல்லை. உலோகத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரான்களைப் புரிந்துகொள்ள இயற்பியலாளர்கள் தாளில் வரைந்துகொள்ளும் கருந்துளை.

பின்னால் கரைவலை இழுக்கிறார்கள், மீன் சேரும் பை போன்ற மடி கரைக்கு வந்துவிட்டது. கிட்டே போய்க் காட்டுகிறேன். சாளை, காரல், நடுவில் ஒரு நண்டு. இந்த ஒரு மீனை விரலால் தொடுகிறேன், பாருங்கள். மடி முழுக்கச் சிலிர்க்கிறது! கடலுக்குள் இருந்தபோது ஒரு மீனைக் காட்டி ‘இது இந்தப் பக்கம் போகிறது’ என்று சொல்லியிருக்கலாம். இங்கே சொல்ல முடியாது.

எலெக்ட்ரான் ஒரு ஃபெர்மியான். ஒரே நிலையில் இரண்டு ஃபெர்மியான்கள் இருக்க முடியாது. அதனால் சாதாரணச் செம்புக் கம்பியில் எலெக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள இடம் குறைவு, ஒவ்வொன்றும் கிட்டத்தட்டத் தனி ஆளாகவே திரியும். சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் 1956இல் இதற்குக் கோட்பாடு அமைத்தார். அது கடலில் நீந்தும் மீன்.

1986இல் பெட்நோர்ஸும் முல்லரும் செம்பு ஆக்சைடு மீகடத்திகளை, அதாவது குளிரவைத்தால் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்களைக், கண்டுபிடித்த பிறகுதான் மடிக்குள் மாட்டிய மீன் நம் கைக்கு வந்தது. இந்தப் பொருள்கள் சிலவற்றை மீகடத்து வெப்பநிலைக்கு மேல் சூடாக்கினால், மின்தடை வெப்பநிலையோடு நேர்கோடாக ஏறுகிறது. லாண்டாவின் கோட்பாட்டில் எலெக்ட்ரான்கள் தமக்குள் மோதுவதால் வரும் தடை வெப்பநிலையின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏற வேண்டும். இங்கே தனி எலெக்ட்ரான் என்று பிடித்துக் கணக்குப் போட ஒன்றும் இல்லை. இப்படிப்பட்டவற்றை விசித்திர உலோகங்கள் என்கிறார்கள்.

சரி, கருந்துளை எங்கே வருகிறது? இந்தப் பக்கம் அமைதியான பெண்கடல் (பாக் நீரிணை), சாலையைத் தாண்டினால் ஆண்கடல் (மன்னார் வளைகுடா). தென்மேற்குக் காற்றில் ஆண்கடல் கொந்தளித்தால் தொழிலைப் பெண்கடல் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். 1997இல் இயற்பியலாளர் மால்டசேனா முன்வைத்த கருத்தும் அந்த வழிதான். ஈர்ப்பே இல்லாத, கடுமையாக மோதிக்கொள்ளும் துகள்களின் கணக்கும், ஒரு பரிமாணம் கூடுதலான வெளியில் ஈர்ப்பின் கணக்கும் ஒன்றே என்றார். ஒரு பக்கம் கொந்தளிக்கும்போது மறுபக்கம் அமைதியாக, ஐன்ஸ்டைனின் பழைய சமன்பாடாக இருக்கும். பொருளுக்கு வெப்பம் இருந்தால் அங்கே ஒரு கருந்துளை வையுங்கள். கருந்துளைக்கும் ஒரு வெப்பநிலை உண்டு என்று ஹாக்கிங் காட்டினார், அந்த ஹாக்கிங் வெப்பநிலைதான் பொருளின் வெப்பநிலை. எலெக்ட்ரான் அடர்த்தி வேண்டுமா? கருந்துளைக்கு மின்னூட்டம் கொடுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த படி. அந்த வெளியின் ஓரத்திலிருந்து ஒரு ஃபெர்மியான் அலையை உள்ளே அனுப்புகிறார்கள். கொஞ்சம் திரும்பி வரும், மீதியைக் கருந்துளை விழுங்கும். விழுங்கப்பட்ட பங்குதான், கூட்டத்தில் தன் அடையாளத்தைத் தொலைக்கிற எலெக்ட்ரான். 2009இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் எம்ஐடி குழுவும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தன. ஃபெர்மி பரப்பு, அதாவது எலெக்ட்ரான்கள் நிரப்பிய நிலைகளுக்கும் காலி நிலைகளுக்கும் நடுவிலான எல்லை, தெரிந்தது. ஆனால் சில நிலைமைகளில் அதன்மேல் நிலைத்து வாழும் துகள் எதுவும் இல்லை!

இதற்கு இன்னொரு வாசலும் உண்டு. 1993இல் சுபிர் சச்தேவும் ஜின்வு யேவும் எழுதிய மாதிரியை 2015இல் கிட்டாயேவ் எளிமையாக்கினார். அதில் பக்கத்து வீடு, தூரத்து வீடு என்பதே கிடையாது, எல்லா ஃபெர்மியான்களும் எல்லாவற்றோடும் தாறுமாறாக மோதும். குளிரவைத்தால் அது மின்னூட்டம் பெற்ற கருந்துளையின் விளிம்பைப் போலவே நடந்துகொள்கிறது. மடியைத் தொட்டபோது சிலிர்ப்பு எவ்வளவு சீக்கிரம் அடங்கியது? கருந்துளையைத் தட்டினாலும் அப்படித்தான், அதிர்ந்து உடனே அடங்கிவிடும். அப்படி அடங்க எடுக்கும் நேரத்தை அறை வெப்பநிலையில் இருக்கும் பொருளுக்குக் கணக்கிட்டால் சுமார் 25 ஃபெம்டோ விநாடி என்று வருகிறது (ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). விசித்திர உலோகங்களில் அளந்த நேரங்களும் இதை ஒட்டியே இருக்கின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செம்பு ஆக்சைடுக்குள் கருந்துளை உட்கார்ந்திருக்கவில்லை. அந்தக் குறிப்பிட்ட பொருளுக்கு இதுதான் இணையான கருந்துளை என்று யாரும் நிறுவவும் இல்லை. மால்டசேனாவின் கணக்கு கச்சிதமாகப் பொருந்துவது வேறு சில சிறப்பான கோட்பாடுகளுக்கு. இயற்பியலாளர்கள் அந்தக் கணக்கின் சாயலை இங்கே பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். அப்படியிருந்தும், தனி மீனே இல்லாத மடியைப் பற்றிப் பேச ஒரு மொழி கிடைத்திருக்கிறதே, அதற்காகத்தான் இந்த வீடியோ.

அண்ணன்மார் மடியை அவிழ்க்கிறார்கள், வாருங்கள், அதையும் பார்ப்போம்.