எலிக்குள் ஓடும் தாளம்

எல்லாருக்கும் வணக்கம். பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. முன்னால் இருக்கும் நாற்காலியின் முதுகில், ஒற்றை விரலால் வினாடிக்கு எட்டு முறை தட்டிப் பாருங்கள். முடியவில்லை, இல்லையா? ஐந்தாறைத் தாண்டும்போதே விரல் பின்னுகிறது. மிருதங்கக்காரர் யாராவது அரங்கில் இருந்தால் இரண்டு கையாலும் சமாளிப்பார்.

ஒரு எலி நான்கு அடி எடுத்து வைத்தால் போதும், அதன் மூளைக்குள் ஏறக்குறைய இந்த வேகத்தில் ஒரு மின் அலை சீராக எழுந்து விழத் தொடங்கிவிடும். அதற்குத் தீட்டா என்று பெயர். எழும் இடம் ஹிப்போகாம்பஸ். கடல் குதிரை மாதிரி வளைந்திருப்பதால் வந்த பெயர் அது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பு நோயை நிறுத்துவதற்காக, இரண்டு பக்கத்திலும் இந்தப் பகுதியில் பெரும்பங்கை வெட்டி எடுத்தார்கள். அதற்கப்புறம் 2008இல் இறக்கும்வரை, அன்று காலை சந்தித்த மருத்துவர் மாலையில் வந்தாலும் அவருக்குப் புதியவர்தான். ஆகவே ஹிப்போகாம்பஸ் என்றால் நினைவு என்பது ஊரறிந்த சேதி ஆயிற்று.

ஆனால் எலிக்காரர்கள் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கனடாவில் கேஸ் வாண்டர்வுல்ஃப் எலிகளின் மூளையில் மின்முனை பொருத்தி, பொறுமையாக உட்கார்ந்து குறித்துக்கொண்டே இருந்தார். எலி நடந்தால் தீட்டா. பின்னங்காலில் எழுந்து நின்றால் தீட்டா. தாவினால் தீட்டா. அதே எலி உட்கார்ந்து மீசையைத் துடைத்தால், நக்கினால், மென்றால், அலை கலைந்துபோகும். உடம்பு அசைகிறது, ஆனாலும் தீட்டா இல்லை! 1969இல் இதை வெளியிட்டார். தானாக நடக்கும் அசைவுக்கு இந்தத் தாளம் வருவதில்லை, விரும்பி எங்கோ போவதற்குத்தான் வருகிறது என்பது அவர் கண்டது. நினைவுக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. தீட்டா நினைவுக்கா, நடைக்கா என்று பல வருடம் சண்டை ஓடியது. என்னைக் கேட்டால், கேள்வியே கொஞ்சம் கோணல். ஏன் என்று சொல்கிறேன்.

1971இல் லண்டனில் ஜான் ஓகீஃபும் ஜொனாதன் டொஸ்ட்ரோவ்ஸ்கியும் எலியின் ஹிப்போகாம்பஸில் விசித்திரமான நரம்பு செல்களைக் கண்டார்கள். அறையின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு எலி வந்தால் மட்டும் துடிக்கும், அதாவது மின்துடிப்பு விடும் செல்கள். இட செல்கள் என்று வைத்துக்கொள்வோம். 2014இல் ஓகீஃபுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது இதற்காகத்தான். ஆனால் எனக்குப் பிடித்தது அவர் 1993இல் மைக்கேல் ரெக்சியோடு சேர்ந்து சொன்ன விஷயம்.

நேரான ஒரு பாதை. எலி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தீனிக்காக ஓடுகிறது. ஒரு இட செல்லுக்கு உரிய எல்லைக்குள் எலி நுழைந்ததும் அந்தச் செல் துடிக்கிறது, தீட்டா அலையின் கடைசிப் பகுதியில். அடுத்த அலையில் கொஞ்சம் முன்னதாகத் துடிக்கிறது. அதற்கடுத்ததில் இன்னும் முன்னதாக. எலி எல்லையைத் தாண்டும் நேரத்தில் துடிப்பு அலையின் தொடக்கத்துக்கே வந்துவிடுகிறது. ஒரு பாட்டின் எடுப்பு ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டே வந்தால் பக்கவாத்தியக்காரர் முறைப்பார். இங்கே அந்த நகர்வில்தான் விஷயமே இருக்கிறது. செல் எத்தனை முறை துடித்தது என்பதோடு, தாளத்தில் எங்கே துடித்தது என்பதும் எலி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறது.

இப்போது ஒரு செல்லை விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள். எலி கதவைத் தாண்டிவிட்டது, தூணருகே இருக்கிறது, தீனித் தட்டு முன்னால் இருக்கிறது. ஒரே ஒரு தீட்டா அலைக்குள் முதலில் கதவின் செல் துடிக்கும், நடுவில் தூணின் செல், கடைசியில் தட்டின் செல். எலி கால்களால் கடக்க ஒரு வினாடியோ அதற்கு மேலோ ஆகும் வழி, வினாடியில் எட்டில் ஒரு பங்குக்குள் சுருங்கிக் கிடக்கிறது. அதுவும் ஒவ்வொரு அலையிலும் திரும்பத் திரும்ப.

இந்தச் சுருக்கம் எதற்கு? இரண்டு நரம்பு செல்கள் தமக்குள் இணைப்பை வலுவாக்கிக்கொள்ள வேண்டுமானால், சில பத்து மில்லி வினாடி இடைவெளிக்குள் அடுத்தடுத்துத் துடிப்பது நல்லது. கதவுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு வினாடி என்பது செல்லின் கணக்கில் ஒரு யுகம். தீட்டா அந்த யுகத்தை மடித்துக் கையடக்கமாக்கிக் கொடுக்கிறது. நடந்த வழி நினைவாகத் தைக்கப்படுவது நடக்கும்போதே. அதனால்தான் நடைக்கா நினைவுக்கா என்ற கேள்வியைக் கோணல் என்றேன்.

சரி, தாளத்தை நிறுத்தினால் நினைவு போகுமா? 1978இல் ஜொனாதன் வின்சன் எலிகளின் மூளையில் செப்டம் என்ற பகுதியைச் சிதைத்தார். தீட்டாவுக்கு ஜதி போடுவது அதுதான். அலை நின்ற எலிகள், முன்பு கற்ற இடத்தைத் தேட முடியாமல் திண்டாடின. ஆனால் வீட்டில் மெயினை அணைத்துவிட்டு மின்விசிறியைக் குற்றம் சொல்வது போன்ற சோதனை இது. செப்டத்தோடு வேறு பலவும் போய்விடுமே. 2016இல் இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். கனவு வரும் உறக்கத்திலும் தீட்டா ஓடும், கால் அசையாமலேயே. ஒளி பட்டால் அடங்கும்படி சுண்டெலியின் செப்டம் செல்களை முன்பே மாற்றிவைத்து, அந்த உறக்கத்தில் மட்டும் அவற்றை ஒளியால் அடக்கினார்கள். முந்தைய நாள் பார்த்த பொருள் இடம் மாறியதை எலிகளால் கண்டுகொள்ள முடியவில்லை. வேறு நேரத்தில் அதே அளவு அடக்கியபோது அந்தக் கெடுதல் இல்லை.

மனிதர்களில் எப்படி என்று கேட்பீர்கள். நமக்கு இந்த அலை பெரும்பாலும் மெதுவாக, விட்டுவிட்டு வருகிறது. பழந்தின்னி வௌவால்களில் தொடர்ச்சியான தீட்டா இல்லாமலேயே இட செல்கள் வேலை செய்கின்றன. ஆகவே எலியின் தாளத்தை அப்படியே நம் தலையில் ஏற்ற வேண்டாம். மொட்டை மாடியில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தவன்தான் நானும். அதற்குத் தீட்டாவைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன்.

கடைசியாக ஒன்று. கலிபோர்னியாவில் லோரன் ஃபிராங்க்கின் குழு 2020இல் வெளியிட்டது. எலி ஒரு கவட்டுப் பாதையை நோக்கிப் போகிறது. இடமா வலமா, இன்னும் திரும்பவில்லை. தலையில் மின்முனைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு தீட்டா அலையில் இடப்பக்க வழியின் செல்கள் துடிக்கின்றன. அடுத்த அலையில் வலப்பக்கம். மறுபடி இடம். மறுபடி வலம். வினாடிக்கு எட்டு அலை, எலியோ இன்னும் கவட்டைத் தொடவே இல்லை.