கார்வையில் விழும் அடி

நேயர்களுக்கு வணக்கம்.

மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவனை அழைத்து வீடியோ கேம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இரண்டுமே ஒரே அறையில் நடப்பவை. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் முன்னறையில் சனிக்கிழமை காலை பிள்ளைகள் உட்கார்ந்து வாசிப்பார்கள். அன்று இரவு அதே அறையில் என் அக்கா மகன் கண்ட்ரோலரைக் கையில் எடுப்பான். அப்போது அவன் தேசிய சேவையில், அதாவது இளைஞர்களுக்கான கட்டாயச் சேவையில் இருந்தான், வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குக் கிளம்பும்போது, "மாமா, நீங்க ஒரு தடவை விளையாடிப் பாருங்க. இதுல உங்க கணக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்படித்தான் தொடங்கியது.

ஆட்டத்தின் பெயர் எல்டன் ரிங். ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கியது, ஹிடெடாக்கா மியாசாக்கி இயக்கியது. 2022 பிப்ரவரி 25 அன்று வெளியாகி, அந்த ஆண்டு டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசையும் வாங்கியது. விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய கற்பனை நிலம் ஒன்று, நடுவில் வானம் தொடும் பொன்மரம். குதிரையேறி எங்கும் போகலாம். ஆனால் முக்கியமான இடங்களில் ஒரு பெரிய எதிரி வழியை மறித்து நிற்பான். அவனைத்தான் பாஸ் என்கிறோம். அவன் கையால் மூன்று நான்கு அடி வாங்கினால் கதை முடிந்தது, திரும்ப முதலிலிருந்து.

தப்பிக்க இருக்கும் முக்கிய வழி உருளுவது. உருளத் தொடங்கும் அந்த நொடித் துணுக்கில் எந்த வாளும் உங்கள் மேல் படாது. அதற்கு அரைக்கணம் முன்னால் உருண்டாலும் பின்னால் உருண்டாலும் அடி விழும். சுமக்கும் கவசமும் ஆயுதமும் தாங்கும் அளவில் 70 விழுக்காட்டை எட்டிவிட்டால் உருளலும் கனத்துப்போகும். ஆக, இங்கே உங்களைக் காப்பாற்றுவது காலப்பிரமாணம், பிசகாத நேரக்கணக்கு. என் அக்கா மகன் சொன்ன கணக்கு இதுதான்.

இந்த ஆட்டத்தில் எந்த பாஸ் சிறந்தவர், எவர் கடினமானவர் என்று பட்டியல் போடாத ஆளே இல்லை. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். கடினத்தை நான் அளப்பதில்லை. என் அளவுகோல் ஒரே கேள்வி: தோற்றபிறகு, எந்த எண்ணிக்கையில் தோற்றேன் என்று என்னால் சொல்ல முடிகிறதா? மாணவன் தீர்மானத்தில், அதாவது வாசிப்பை முடித்துவைக்கும் கோவையில் பிசகினால் அவனிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான். எந்த இடத்தில் போனது என்று அவனுக்குத் தெரிந்தால் போதும், அடுத்த வாரம் சரியாகிவிடும். தெரியவில்லை என்றால் பாடம் சரியில்லை என்று அர்த்தம்.

அந்த அளவுகோலில் கடைசியில் நிற்பவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனிமலையில் நிற்கும் ஃபயர் ஜயண்ட். மலை அளவு உடம்பு, நாம் அதன் கணுக்காலில் நிற்கிறோம். கேமராவில் கால் மட்டும்தான் தெரிகிறது, அடிக்கப்போகும் கை மேலே எங்கோ இருக்கிறது. தாளம் போடுபவரின் கையைத் துணியால் மூடிவிட்டு வாசி என்றால் எப்படி? அடுத்து, எல்லாவற்றுக்கும் முடிவாக வரும் எல்டன் பீஸ்ட். அதற்கு முன்னால் வரும் ரடகான் சுத்தியலை எடுத்து வெகு கச்சிதமாக வாசிப்பவர். அவர் விழுந்ததும் நட்சத்திரங்களால் ஆன இந்த உயிர் எழுகிறது. பார்க்க அழகு, ஆனால் நீந்தி விலகிக்கொண்டே இருக்கிறது. அதைத் துரத்தி ஓடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. 2024 ஜூனில் வந்த 1.12 என்ற மென்பொருள் மேம்பாட்டில்தான் அங்கே குதிரையை அழைக்க அனுமதி கொடுத்தார்கள். அந்த ஓட்டத்தில் தாளமே இல்லை என்பதை உருவாக்கியவர்களும் உணர்ந்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

2024 ஜூன் 21 அன்று வந்த விரிவாக்கத்தின் இறுதிப் போரையும் நான் கீழேதான் வைக்கிறேன். மூல ஆட்டத்தில் வந்த ராடான் என்ற பாஸ் அங்கே மீண்டும் வருகிறார், முதுகில் மிக்கெலா என்பவரைச் சுமந்துகொண்டு. இரண்டாம் பாதியில் வாள் ஒரு பக்கம் வீச, ஒளித் தூண்கள் மறுபக்கம் விழுகின்றன. வெளியான புதிதில் அந்த வெளிச்சத்தில் வாளே கண்ணுக்குத் தெரியவில்லை. தோற்றேன், ஆனால் எங்கே தோற்றேன் என்று தெரியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 1.14 மேம்பாட்டுக்குப் பிறகு நிலைமை நன்றாகவே தெளிந்தது. இப்போது புதிதாக ஆடுபவர்கள் என்னோடு உடன்பட மாட்டார்கள். எனக்கு அந்த ஜூன் மாத இரவுகள் மறக்கவில்லை.

இப்போது மலேனியா. பட்டியல் என்றாலே முதலிடத்தில் இவள் பெயரைத்தான் போடுவார்கள். நான் நான்காவதாக வைக்கிறேன். அதற்கு எனக்குக் கோபம் வருமளவு கடிதங்கள் வந்தாலும் வரட்டும்.

வேறொரு பெருமரத்தின் வேரடியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை பொன்னால் செய்த செயற்கைக் கை. அவளிடம் ஓர் அடவு இருக்கிறது, நீர்ப்பறவை நடனம் என்று சொல்லலாம். திரையில் அவளுடைய மீதி உயிரைக் காட்டும் கோடு முக்கால் பங்குக்குக் கீழே இறங்கியபின் எப்போது வேண்டுமானாலும் வரும். காற்றில் எழுவாள், ஒரு கணம் நிற்பாள், பிறகு வாள்வீச்சு மழையாகக் கொட்டும். சின்ன இடைவெளி. மறுபடி மழை. மறுபடி இடைவெளி, மறுபடி மழை. முதல் நாள் பார்த்தபோது என் கை தொடையில் தானாகத் தட்டிவிட்டது. ஏனென்றால் அது மோரா. ஒரு சொல்கட்டை மூன்று முறை வாசித்து, நடுவில் ஒரே அளவாகக் கார்வை, அதாவது அமைதியான இடைவெளி விட்டு, தாளம் தொடங்கும் சமத்தில் கொண்டுவந்து சேர்ப்போமே, அதே அமைப்பு. தத்தித் தாம் என்று சொல்லிக்கொண்டே கார்வைகளை எண்ணினேன். முதல் மழைக்குப் பின்னோக்கி ஓடிவிட வேண்டும். இரண்டாவதுக்கு அவளை நோக்கியே உருள வேண்டும். மூன்றாவதுக்கும் முன்னோக்கித்தான். ஓட வேண்டிய நேரத்தில் எதிரே போவது முதலில் உடம்புக்குப் பிடிக்காது. எண்ணிக்கை பிடிபட்ட பிறகு அதுதான் இயல்பாக இருந்தது.

இவ்வளவு அழகான மோராவை வைத்துக்கொண்டு ஏன் நான்காவது? அவள் ஒவ்வொரு முறை நம்மை அடிக்கும்போதும் அவளுடைய உயிர் கொஞ்சம் கூடுகிறது. கேடயத்தில் தடுத்தாலும் கூடுகிறது. கச்சேரியில் நான் ஓர் இடத்தில் பிசகினால் நான் மட்டும்தான் விழுவேன். பக்கத்தில் இருக்கும் கடக்காரர் அதனால் ஏறிவிட மாட்டார். இங்கே ஒரே தவறுக்கு இரண்டு முறை அபராதம் கட்டுகிறோம். ஐந்து நிமிடம் சுத்தமாக வாசித்து, கடைசியில் ஒன்றே ஒன்று தப்பினால், அந்த ஐந்து நிமிடத்தில் பாதி அழிந்துபோகிறது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதோடு, அருகில் நிற்கும்போது அந்த நடனம் தொடங்கினால் முதல் மழையிலிருந்து விலக நமக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் கொஞ்சம்.

ஆனால் அவளைத் தன் உடம்பில் மனப்பாடமாக ஏற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 2022-ல் ஒருவர் தலையில் ஒரு பானையைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்புத்துணி தவிர கவசம் எதுவும் இல்லாமல், இரண்டு வாளோடு முன்பின் தெரியாதவர்களின் ஆட்டத்துக்குள் போய், "நீங்கள் சும்மா நில்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற மாதிரி மலேனியாவை வீழ்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆயிரம் முறைக்கு மேல் வீழ்த்தினார். அந்தக் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு மூத்த வித்துவான்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் எண்ணுவது வெளியே தெரியாது, எண்ணிக்கை கையில் இருக்கும்.

மூன்றாவது ராடான். விரிவாக்கத்தில் வருபவர் இல்லை, கேலிட் பாலைவனத்தில் ரெட்மேன் கோட்டைக்குக் கீழே திரியும் பழைய ராடான். மலேனியாவோடு நடந்த போரில் அவருடைய அறிவை அழுகல் நோய் தின்றுவிட்டது. நண்பர்களையும் பகைவர்களையும் பிரித்தறியாமல் பிணங்களைத் தின்று திரிகிறார். அவருக்கு ஒரு மரியாதையான சாவைத் தரவே வீரர்கள் கூடித் திருவிழா எடுக்கிறார்கள். மணலில் ஆங்காங்கே ஒளிரும் குறிகளைத் தொட்டால் ஒவ்வொரு வீரராகத் துணைக்கு வருவார். இது கச்சேரியில் தாளக்கருவிகள் மட்டும் மாறி மாறி வாசிக்கும் தனி ஆவர்த்தனம் போல. கஞ்சிராக்காரர் முறை எடுக்கும்போது மிருதங்கக்காரர் மூச்சு விடலாம், தண்ணீர் குடிக்கலாம், ஆனால் தாளத்தை விடக்கூடாது. ராடான் வேறொருவரை அடித்துக்கொண்டிருக்கும்போது நாம் ஓரமாக நின்று உயிரைக் கூட்டும் மருந்துக் குப்பியைக் குடித்து, விழுந்தவரை மறுபடி அழைத்து, நம் முறை வரும்போது நுழைய வேண்டும்.

இந்த ராடான் மீது எனக்குத் தனிப் பாசம் உண்டு. அவ்வளவு பெரிய உடம்பு, கீழே ஒரு நோஞ்சான் குதிரை. லெனார்ட் என்று பெயர். தான் வளர்ந்து கனத்துவிட்டதால் அந்தக் குதிரையை விட்டுப் பிரிய மனமில்லாமல், ஈர்ப்பு விசை வித்தையைக் கற்றுக்கொண்டார். புத்தி போன பிறகும் குதிரையை விடவில்லை. அந்தத் தகவலைப் படித்த இரவு நான் அவரோடு சண்டை போடவில்லை. மறுநாள்தான் போனேன்.

இரண்டாவது காட்ஃப்ரே. முதல் அரசர். கோடாலியால் நிலத்தைப் பிளப்பார், காலால் மிதிப்பார், மிதித்த இடத்திலிருந்து அதிர்வு அலையாக வரும். உருளுவதைவிட அலை வரும்போது குதிப்பதுதான் இவரிடம் சரி. முதல் பாதி முழுக்க ஒரே நடை, நான்கு நான்காகப் போகும் நிதானமான சதுஸ்ரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் செரோஷ் என்ற சிங்கம் ஒட்டியிருக்கிறது, அவருடைய ரத்தவெறியை அடக்கிவைக்கவே இருக்கும் சிங்கம். உயிர் பாதியான பிறகு அதைத் தன் கையாலேயே கொன்று, கோடாலியையும் எறிந்துவிட்டு, ஹோரா லூ என்ற தன் பழைய போர்வீரன் பெயரைச் சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு வருவார். பிடித்துத் தூக்கி அடிப்பார், மல்யுத்தம். அரங்கம் அதே அரங்கம், நடை மாறிவிட்டது. தாளம் எட்டு எண்ணிக்கையாகவே நிற்க, நான்கு நான்காக ஓடிய கை திடீரென்று ஐந்து ஐந்தாக, கண்டத்துக்குத் தாவினால் மேடையில் ஒரு சிலிர்ப்பு வருமே, அதை இந்த ஆட்டத்தில் நான் இவரிடம் மட்டுமே கண்டேன். முதல் பாதியில் கற்றதை வைத்து இரண்டாம் பாதியை வெல்ல முடியாது. ஆனால் முதல் பாதியில் கற்ற பொறுமை வேண்டும்.

முதலிடம் மார்கிட்டுக்கு. நண்பர்கள் பலருக்கு இது ஏமாற்றம். ஆட்டத்தின் தொடக்கத்தில், ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில், பாலத்தின் மேல் நிற்பவர். எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர். பின்னால் வருபவர்களோடு ஒப்பிட்டால் எளியவர்தான்.

அவருக்கும் எனக்கும் மூன்று வாரம் ஆனது. கோலை ஓங்குவார். நான் உருள்வேன். ஓங்கிய கை அப்படியே நிற்கும். நான் உருண்டு எழும் நேரம் பார்த்துக் கோல் இறங்கும். விலகிப்போய்க் குப்பியை எடுத்தால் ஒளிக்கத்தி பறந்து வரும். பின்னணி இசையோடு சேர்ந்து ஆடப் பார்த்தேன், பழக்கதோஷம். யுகா கிடாமுரா உள்ளிட்ட இசையமைப்பாளர்களின் வேலை அருமையானது, ஆனால் அடிகள் அந்த இசையின் தாளத்தில் விழுவதில்லை. ஒருநாள் அமைப்புப் பக்கத்துக்குப் போய் இசையின் ஒலியைச் சுழியமாக்கிவிட்டேன். காலடி, துணி உரசல், கோல் காற்றைக் கிழிக்கும் ஓசை இவை மட்டும். அப்போதுதான் அந்த நிறுத்தம் எனக்குக் கேட்டது.

அது கார்வை. ஆதி தாளத்தில் தட்டிவிட்டுக் கையைத் திருப்புகிறோமே, வீச்சு, அதில் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததால் புதிய மாணவர்கள் அதைச் சுருக்கிவிடுவார்கள். பதற்றம் வந்தால் முதலில் சுருங்குவது கார்வைதான். பிள்ளைகளிடம் வருடக்கணக்காக நான் சொல்லிக்கொண்டிருப்பதை மார்கிட் கோலால் எனக்குச் சொன்னார். கோலைப் பார்க்காமல் தோளைப் பார்க்கத் தொடங்கினேன். தோள் இறங்கும்போதுதான் அடி இறங்குகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தோல்வியையும் என்னால் பெயர் சொல்லிக் குறிக்க முடிந்தது: மூன்றாவது வீச்சில் அவசரப்பட்டேன், பாய்ச்சலில் தாமதித்தேன் என்று. வென்ற இரவு மணி இரண்டு. கீழே யாரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம் கேட்டது, அவ்வளவு அமைதி.

பல மாதம் கழித்து, பொன்மரத்தின் அடியில் இருக்கும் லேண்டெல் தலைநகருக்குப் போனேன். சிம்மாசனத்தின் முன்னால் கந்தல் போர்த்திய ஓர் அரசர் எதிர்த்து நின்றார். திரையில் மோர்காட் என்று பெயர் வந்தது. அரச குடும்பத்தில் கொம்போடு பிறந்ததற்காகச் சாக்கடைக்குள் அடைத்து வளர்க்கப்பட்டவர், தன்னை ஒதுக்கிய அந்த மரத்தையே தனியாகக் காத்து நிற்பவர். அவர் ஆயுதத்தை ஓங்கினார். கை நின்றது.

உருளாமல் நின்றேன். பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், "மாமா, அவர்தான் இவர், தெரிஞ்சிடுச்சா?" என்றான். தோள் இறங்கும்வரை நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

நன்றி, வணக்கம்.