தமிழ் மீடியத்துல இருந்து இன்ஜினியரிங் வந்திருக்கேன், எம்-1 அரியர் விழுந்துடுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சேன். இப்போ அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ்ல முதல் வருஷம், ஹாஸ்டல். கிளாஸ்ல பாதி புரியல. எம்-1, அதான் முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பர், கண்டிப்பா அரியர்தான்னு சீனியர்ஸ் சொல்றாங்க. என்ன பண்றதுண்ணா?"

தம்பி, முதல்ல மார்க் கணக்கைப் பார்த்துடுவோம், பயம் பாதி அங்கேயே குறையும். நான் சொல்றது 2021 ரெகுலேஷன் கணக்கு. ரெகுலேஷன்னா யுனிவர்சிட்டியோட பாடத்திட்ட, தேர்வு விதிமுறை. தானே பாடத்திட்டம் போட்டு எக்ஸாம் வைக்கிற ஆட்டானமஸ் காலேஜுக்கும் புது ரெகுலேஷனுக்கும் மாறும், அதனால உங்க ரெகுலேஷன் எதுன்னு டிபார்ட்மெண்ட்ல கேட்டுக்கோங்க. தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் எக்ஸாம் 60. செமஸ்டர்ல 100-க்கு எழுதுறதை 60-க்கு மாத்துவாங்க. பாஸ் ஆக ரெண்டும் சேர்ந்து 50 வேணும், அதோட செமஸ்டர் பேப்பர்ல மட்டும் தனியா 100-க்கு 45 வந்தாகணும்.

இப்போ பாருங்க. இன்டர்னல்ல 23 வச்சிருந்தா, பேப்பர்ல 45 எடுத்தாலே 27 ஆகி, மொத்தம் 50. இன்டர்னல் 15-னா? மிச்சம் 35 வேணும், அதுக்குப் பேப்பர்ல 59 எடுக்கணும். அதாவது நவம்பர், டிசம்பர்ல விழுற அரியர்ல பல, இன்டர்னல் நடக்குற செப்டம்பர், அக்டோபர்லயே விழுந்தாச்சு. இன்டர்னல் அசெஸ்மெண்ட் ரெண்டு. ஒவ்வொண்ணும் 100-க்கு, ரெண்டையும் சேர்த்துத்தான் அந்த இன்டர்னல் 40-க்கு மாத்துவாங்க. ஒவ்வொரு 100-லயும் எழுத்துத் தேர்வு 60, மிச்சம் 40 அசைன்மெண்ட், செமினார் மாதிரி வேலைக்கு. இங்கிலீஷ் வராதுன்னு பயப்படுற பசங்க டெஸ்ட்டுக்கு விழுந்து விழுந்து படிச்சுட்டு, அசைன்மெண்ட்டை லேட்டாக் குடுத்து அந்த 40-ல கோட்டை விடுறாங்க. சும்மா கிடைக்கிற மார்க்கு அது.

சரி, எம்-1. 2021 ரெகுலேஷன்ல அது மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ். முதல் யூனிட் மேட்ரிசஸ். 2 மார்க்கும் 16 மார்க்கும் சேர்த்து பக்குவமாப் போட்டா மார்க் குவியுற இடம் இதுதான். குவாட்ராட்டிக் ஃபார்மை கனானிகல் ஃபார்முக்கு மாத்துற, அதாவது எக்ஸ்ஒய் மாதிரி கலப்பு உறுப்பு இல்லாம ஸ்கொயர் மட்டும் வர்ற மாதிரி ஆக்குற கணக்கு எத்தனையோ தடவை வந்திருக்கு. எங்க சறுக்குதுன்னு காட்டுறேன்.

6 எக்ஸ் ஸ்கொயர், 3 ஒய் ஸ்கொயர், 3 இசட் ஸ்கொயர், மைனஸ் 4 எக்ஸ்ஒய், மைனஸ் 2 ஒய்இசட், பிளஸ் 4 இசட்எக்ஸ். மேட்ரிக்ஸ்ல டயகனல் அப்படியே 6, 3, 3. எக்ஸ்ஒய்க்கு மைனஸ் 4-ஐ அப்படியே எழுதக்கூடாது, பாதி பாதியா ரெண்டு இடத்துல மைனஸ் 2. இது முதல் சறுக்கல். ஐகன் வேல்யூ, அதாவது கனானிகல் ஃபார்ம்ல ஸ்கொயருக்கு முன்னாடி வரப்போற எண்கள், 8, 2, 2 வரும். உடனே செக் பண்ணுங்க: கூட்டினா 12, டயகனலும் 12. பெருக்கினா 32, டிடர்மினண்ட்டும் 32. சேரலைன்னா மேல போகாதீங்க, போனா அஞ்சு பக்கம் வீண்.

அடுத்து ரெண்டாவது சறுக்கல். 8-க்கு ஐகன் வெக்டர் 2, மைனஸ் 1, 1. ஐகன் வேல்யூ 2 ரெண்டு தடவை வர்றதால அதுக்கு ரெண்டு வெக்டர் எடுக்கணும். மூணு வெக்டரும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா இருக்கணும், அதாவது பெருக்கிக் கூட்டுற டாட் புராடக்ட் 0 வரணும். ஒண்ணு 0, 1, 1-னு எடுத்துட்டு, இன்னொண்ணு சமன்பாட்டுக்குப் பொருந்துதேன்னு 1, 2, 0 எடுத்துடுவாங்க. பொருந்தும், ஆனா 0, 1, 1-ஓட டாட் புராடக்ட் 2 வருது, 0 வரலை. எடுக்க வேண்டியது 1, 1, மைனஸ் 1. வெக்டரை எடுத்ததும் மத்த ரெண்டோடயும் பெருக்கிக் கூட்டி 0 வருதான்னு பாருங்க, அப்புறம் நீளம் 1 ஆகுற மாதிரி நார்மலைஸ் பண்ணுங்க.

இங்கிலீஷ் விஷயத்துக்கு வருவோம். கணக்குல வர்ற இங்கிலீஷ் ரொம்பக் கம்மி. பிளஸ் டூ கணிதப் புத்தகம் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒரே பாட வரிசையில இருக்கு, பாடநூல் கழகத்தோட பிடிஎஃப் இலவசம். அணிகள், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் இந்த மூணு பாடத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு வாரம் ஓட்டுங்க. கேள்வியில வர்ற "ரெட்யூஸ்", "வெரிஃபை", "ஹென்ஸ் ஃபைண்ட்" எல்லாம் பழகிடும். குறிப்பா "ஹென்ஸ்"னு வந்தா முன்னாடி கண்டுபிடிச்சதை வச்சுத்தான் போடணும். கெய்லி ஹேமில்டன் தேற்றக் கணக்குல அதைக் கவனிக்காம இன்வர்ஸை வேற முறையில போட்டு மார்க்கை விடுறவங்க உண்டு.

மத்த சப்ஜெக்ட்டுக்கு வருவோம். பைத்தான் புரோகிராமைப் பேப்பர்லதான் எழுதணும், இன்டென்டேஷன், அதாவது வரிக்கு முன்னாடி விடுற இடைவெளி, தெளிவா விட்டு எழுதுங்க. கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் பத்திப் பெரிசா சொல்ல ஒண்ணும் இல்ல, யூனிட் வாரியா பழைய கொஸ்டின் பேப்பர் போதும்.

கடைசியா அட்டெண்டன்ஸ். ஹாஸ்டல்ல இருக்கறவங்க முதல் ரெண்டு மாசம் வாராவாரம் ஊருக்குக் கிளம்பிடுவாங்க. வீட்டு ஞாபகம் வரும், தப்பில்ல. ஆனா ஞாயிறு ராத்திரி பஸ் பிடிக்காம திங்கள் காலையில வந்தா, முதல் ரெண்டு பீரியட் போச்சு. அது பெரும்பாலும் ஒரே சப்ஜெக்ட்டா அமைஞ்சுட்டா அதுல நீங்க பின்தங்குறது நிச்சயம். 75 சதவீதம் வேணும். 65-லருந்து 75-க்குள்ள இருந்தா மருத்துவக் காரணம், விளையாட்டு மாதிரி தகுந்த காரணம் காட்டி விலக்கு கேக்கலாம். 65-க்குக் கீழ போனா எக்ஸாமே எழுத முடியாது. காய்ச்சல்னு லீவு போட்டா, திரும்பி வந்த அன்னைக்கே மெடிக்கல் சர்டிஃபிகேட்டை கிளாஸ் அட்வைசர்கிட்ட குடுத்துட்டு, ஒரு காப்பியை நீங்க வச்சுக்கோங்க. செமஸ்டர் முடியுறப்போ கொண்டுபோனா பல இடத்துல வாங்க மாட்டாங்க.