ரெடிமேட் வீடா? முதலில் உங்கள் தெருவை அளந்து பாருங்கள்

வணக்கம். ரெடிமேட் முறையில், அதாவது பாகங்களை வேறிடத்தில் செய்து கொண்டுவந்து மனையில் பொருத்தி, வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு?" அதைக் கேட்பதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வாருங்கள்.

[காட்சி: குறுகிய தெரு, குறுக்கே போகும் மின்கம்பி]

பிரீகாஸ்ட், அதாவது முன்கூட்டியே அச்சில் வார்த்துக் கொண்டுவரும் கான்கிரீட் சுவர் ஒன்று. நீளம் 4 மீட்டர், உயரம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,500 கிலோ. கணக்குப் போட்டால் அந்த ஒரு சுவரே நாலரை டன்! அதை ஏற்றி வரும் டிரெய்லர் உங்கள் தெருமுனையில் திரும்ப வேண்டும். கிரேன் கால் ஊன்ற இடம் வேண்டும்.

சென்னை பெரும்பாக்கத்தில் இந்த முறையில் 1,152 வீடுகள் கட்டினார்கள். 2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. அங்கே ஒரே அச்சில் ஒரே மாதிரி சுவர்களைத் திரும்பத் திரும்ப வார்க்க முடிந்தது. நீங்கள் கட்டுவது ஒற்றை வீடு என்றால் அச்சுச் செலவு முழுக்க உங்கள் தலையில்தான் விழும். அதனால் தனி வீட்டுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

[காட்சி: கூடுகள் தெரியும் வெள்ளைப் பலகை]

இது ஜிஎஃப்ஆர்ஜி பலகை. உரத் தொழிற்சாலைக் கழிவான ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்துச் செய்வது. உள்ளே இருக்கும் கூடுகளில், தேவையான இடத்தில் கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்புவார்கள். 2013இல் சென்னை ஐஐடி வளாகத்தில் இதை வைத்து இரண்டு தள மாதிரிக் கட்டடத்தை ஒரே மாதத்தில் எழுப்பினார்கள். செங்கல் சுவரைவிட மிகவும் இலேசு. ஆனாலும் முழுப் பலகை 12 மீட்டர் நீளம். அளவுக்கு வெட்டி வந்தாலும் கிரேன் வேண்டும். ஸ்விட்ச் போர்டு எங்கே, குழாய் எங்கே என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

சந்துக்குள் மனை இருக்கிறதா? எனக்குப் பிடித்தது லைட் கேஜ் ஸ்டீல். துத்தநாகப் பூச்சுள்ள மெல்லிய எஃகுச் சட்டங்கள், ஆட்களே தூக்கிக்கொண்டு போகலாம். சட்டத்தின் மேல் பலகை அடித்தால் அதுதான் சுவர். அலமாரி மாட்டும் இடத்தை முன்கூட்டியே சொன்னால் அங்கே கூடுதல் சட்டம் வைப்பார்கள். கடலோரம் என்றால் உப்புக் காற்று சும்மா விடாது. பூச்சின் தரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இணைப்பு. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன். 1968இல் லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம், பிரீகாஸ்ட் பலகைகளை அடுக்கிக் கட்டியது. 18ஆவது மாடியில் ஒரு வீட்டில் எரிவாயு வெடித்தது. சுவர் ஒன்று வெளியே தள்ளப்பட, அந்த மூலை முழுவதும் சீட்டுக்கட்டுபோலச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கும் இணைப்புகளில் வலு போதவில்லை.

எந்த முறையானாலும் அந்த நிறுவனம் கட்டிய வீடு ஒன்றைப் பார்க்கக் கேளுங்கள். புது வீடு வேண்டாம், இரண்டு மழைக்காலம் கண்ட வீடாக இருக்கட்டும். ஜன்னல் மூலையையும், குளியலறைச் சுவர் தரையோடு சேரும் இடத்தையும் கையால் தடவிப் பாருங்கள்.