ஊர், குடி, ஆர்ர புள்ள

வணக்கம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் என் அன்பு. நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியை. கொஞ்ச நாளைக்கு முன், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை என் மேசையடிக்கு வந்தாள். "டீச்சர், நான் ஆரெண்டு தெரியாம நெற்றில ஒரு விஷயம் கேக்க ஏலுமா?"

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை வானொலியில் சொல்கிறேன். ஊரையும் வகுப்பையும் சொல்லமாட்டேன். என்ன விஷயம் என்று அன்றைக்கு நானும் கேட்கவில்லை. வீட்டில் வாய் திறக்க முடியாத, டொக்டரிடம் சொல்லக் கூச்சமான ஏதோ ஒன்று. "ஏலும்" என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அது முழு உண்மை இல்லையே.

கல்லாற்றிலோ காரைதீவிலோ புது முகம் ஒன்று படலையடியில் வந்து நின்றால், வீட்டுக் கிழவி முதலில் பேர் கேட்கமாட்டா. "எந்தூர் மனே? என்ன குடி? ஆர்ர புள்ள?" என்றுதான் கேட்பா. ஊரைச் சொன்னதும் சில ஆயிரம் பேருக்குள் வந்துவிடுவீர்கள். குடி என்றால் வம்சப் பிரிவு; அதைச் சொன்னால் சில குடும்பங்கள். குடி தாய்வழியில் வருவதால், அம்மா யார் என்று தெரிந்ததோடு அவவின் தேடல் முடிந்துவிடும். கடைசிவரை உங்கள் பேர் தேவைப்படவே இல்லை, கவனித்தீர்களா?

இணையத்திலும் ஆளைப் பிடிப்பது இப்படித்தான். லத்தான்யா ஸ்வீனி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2000ஆம் ஆண்டில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அஞ்சல் குறியீடு, பிறந்த திகதி, ஆணா பெண்ணா என்பது. இந்த மூன்றும் போதும், அமெரிக்க மக்களில் 87 சதவீதமானவர்களைப் பேரே இல்லாமல் தனித்தனியாகப் பிரித்தெடுத்துவிடலாம்.

இப்போது உங்கள் அடையாள அட்டையைக் கையில் எடுங்கள். 12 இலக்கம் உள்ள புதிய அட்டை என்றால் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். 1987532 என்று ஒரு இலக்கம் தொடங்கினால், அவர் 1987 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண். ஸ்வீனி சொன்ன மூன்றில் இரண்டு அந்த இலக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. மூன்றாவது, அட்டையில் விலாசமாக இருக்கிறது. அந்த அட்டையின் போட்டோக்கொப்பியை நாம் எத்தனை இடத்தில் கொடுக்கிறோம்! கச்சான் சுற்றித் தந்த தாளை விரித்துப் பார்த்தால் யாரோ ஒருவர் நிரப்பிய விண்ணப்பப் படிவம். நானே கண்டிருக்கிறேன். அன்றிலிருந்து, கொப்பி கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறேன், என்ன திகதி என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன காரியத்துக்குத் தேவையான விபரத்தை மட்டும்தான் வாங்க வேண்டும் என்கிறது. அதனால் "இது எதற்கு?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

2006இல் ஏஓஎல் என்ற நிறுவனம், ஆராய்ச்சிக்கு உதவட்டும் என்று, ஏறத்தாழ ஆறரை லட்சம் பேர் மூன்று மாதம் இணையத்தில் தேடிய சொற்களை வெளியிட்டது. பேரை எடுத்துவிட்டு ஆளுக்கொரு இலக்கம் போட்டிருந்தார்கள். நியூயோர்க் டைம்ஸ் செய்தியாளர்கள் சில நாட்களிலேயே ஒரு இலக்கத்துக்குரிய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஜோர்ஜியாவில் வாழ்ந்த 62 வயது விதவைப் பெண் அவர். விரல் மரத்துப்போவதைப் பற்றி, தன் நாயைப் பற்றி, தன் ஊரில் தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்குமா என்று தேடியிருந்தார். தன் குடும்பப் பேருள்ளவர்களையும் தேடியிருந்தார். எல்லாம் சாதாரணச் சொற்கள். சேர்த்து வைத்தால் ஒரு முழு மனுஷி.

சரி, பேரை மறைத்தால் போதாது என்றால் வழியையே மறைக்கலாமா? டோர் என்று, ஆளைக் காட்டாமல் இணையத்தில் உலாவ உதவும் வலையமைப்பு ஒன்று இருக்கிறது. இதன் அடிப்படை 1990களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் உருவானது. வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் பூட்டி, மூன்று கணினிகளைக் கடந்து உங்கள் செய்தி போகும். முதலாவது கணினிக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகுமிடம் தெரியும், ஆள் தெரியாது. நல்ல ஏற்பாடு, நான் மதிக்கிறேன். ஆனால் 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பரீட்சையைத் தள்ளிப்போட, டோர் வழியாகப் பொய் வெடிகுண்டு மின்னஞ்சல் அனுப்பினார். அனுப்பியது பல்கலைக்கழகத்தின் சொந்த வைஃபையிலிருந்து. அந்த நேரத்தில் அங்கே டோர் பாவித்தவர்கள் யார் யார் என்று தேடி, ஆளைக் கண்டுபிடித்தார்கள். உச்சி வெயிலில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடப்பது போலத்தான் அது. முகம் தெரியாது, ஆனால் பாலத்தில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நம் இணையத் தொடர்பை வேறொருவரின் கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் வீபிஎன் நமக்கு நன்றாகத் தெரியும். 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நம் பிள்ளைகளையும் இழந்து நின்ற அந்த நாட்களில் முகநூலும் வாட்ஸ்அப்பும் முடங்கின. உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய, கிடைத்த இலவச வீபிஎன்னை எல்லாம் போனில் ஏற்றினோம். அவசரத்துக்கு உதவியது. ஆனால் வீபிஎன் போட்டால், தொலைபேசி நிறுவனம் பார்த்ததை வீபிஎன் நடத்துபவர் பார்க்கலாம். பார்க்கும் கண்தான் மாறுகிறது. பேக் ஐடி போட்டுப் பெண் பிள்ளைகளை வதைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். படமும் பேரும் பொய்யாக இருக்கலாம், ஆனால் உங்கள் சிம் உங்கள் அடையாள அட்டையில்தான் பதிவாகியிருக்கிறது.

அப்படியென்றால் ஏன் மறைய வேண்டும், ஒளிக்க ஒன்றும் இல்லாதவருக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. கிணற்றடியைச் சுற்றிக் கிடுகால் மறைப்புக் கட்டுகிறோமே, உள்ளே என்ன குற்றம் நடக்கிறது என்று யாராவது கேட்பார்களா? சமூகத்துக்குப் பயந்து நோயை மறைக்கும் பெண்ணுக்கும், மேலதிகாரியின் ஊழலைச் சொல்ல நினைக்கும் எழுதுவினைஞருக்கும் அந்த மறைப்பு வேண்டும். அதற்காக நான் வாதாடுவேன்.

அந்தப் பிள்ளையிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான்: "ஆருக்குத் தெரியக்கூடாது?" போனை எடுத்துப் பார்க்கும் அண்ணனுக்கு என்றால், உலாவியில், தேடியதைப் போனில் பதிந்து வைக்காத தனி ஜன்னல் (இன்கொக்னிட்டோ) ஒன்றைத் திறந்தால் போதும். ஆனால் அது இணையத்தளம் நடத்தும் நிறுவனத்துக்கும் தொலைபேசிக்காரருக்கும் மறைக்காது. ஊர்ச் சனத்துக்குத் தெரியக்கூடாது என்றால், எழுதுகிற சொல்லில்தான் கவனம் வேண்டும்.

அவளுக்கு ஊர்ச் சனம்தான் பயம். கொப்பித் தாள் ஒன்றில் கேள்வியை எழுதியே கொண்டுவந்திருந்தாள். கீழ்ப் பாதியை மடித்துப் பிடித்துக்கொண்டு மேல் பாதியை மட்டும் காட்டினாள். அறிமுகம் எழுதியிருந்தாள்: எந்த ஊர், என்ன வயது, அம்மா எந்த நாட்டில் வேலை செய்கிறா, வீட்டில் எத்தனை பேர். மரியாதைக்காக எழுதியிருக்கிறாள், பாவம். இரண்டு பேருமாக இருந்து ஒவ்வொரு சொல்லாக வெட்டினோம். ஊர் போனது. அம்மாவின் நாடு போனது. வயதை வெட்டும்போது "டொக்டருக்கு வயசு தெரிய வேணுமே டீச்சர்" என்றாள். நியாயம்தான். மற்றதெல்லாம் போய்விட்டதால் வயதை விட்டுவைத்தோம்.

மேல் பாதியில் வயது மட்டும் மிஞ்சியது. மடித்த பாதியை அவள் விரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நன்றி, வணக்கம்.