கொண்டை ஊசியில் இறங்கியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டு பஸ்ஸைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வளைவிலேயே பக்கத்து சீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர ஆரம்பித்துவிடுவார். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 அடி. ஏற்காடு 5000 அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நாலாயிரம் அடியையும் காலால் ஏறி, காலாலேயே இறங்கிய சிலரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் என்னோடு கல்லூரியில் நெடுந்தூரம் ஓடியவர்கள். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. அவரவர் பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அடிவாரத்தில் கூடிவிடுவோம். பி.டி. சார் மொபெட்டில் பின்னால் வருவார். வருவார் என்பது பேச்சுக்கு. பாதி மலைக்கு மேல் எங்களில் இரண்டு பேர் அதைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். அதுவும் பயிற்சிதான் என்பார்.

மலை ஏறுவதை எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். நான் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை: கஷ்டம் ஏறுவதில் இல்லை, இறங்குவதில்தான். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது மூச்சு சுகமாக இருக்கும், தொடை மாட்டிக்கொள்ளும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடியிலும் உடம்பு முன்னால் போய் விழப் பார்க்கிறது. முன் தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே அதைத் தாங்குகிறது. இப்படி இழுபடும்போதே வேலை செய்கிற தசைதான் உள்ளுக்குள் நுணுக்கமாகச் சேதப்படும். வலி அன்றைக்குத் தெரியாது. லாக்டிக் அமிலம் தேங்குவதால் வரும் வலி என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இறங்கியவனுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் வலி உச்சத்துக்கு வரும். உட்கார வேண்டிய இடத்தில் உட்கார முடியாது. வானொலியில் இதற்கு மேல் விளக்க முடியாது.

எங்களுக்கு இறங்கக் கற்றுக்கொடுத்தது பி.டி. சார் அல்ல. காப்பித் தோட்டத்து ஓரக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பையன். மலைக்காரன் என்றுதான் கூப்பிடுவோம். ஷூ போட மாட்டான். 1960-இல் எத்தியோப்பியாக்காரர் அபேபே பிகிலா ரோம் ஒலிம்பிக்ஸில் வெறுங்காலோடு மாரத்தானை ஜெயித்த கதையை நாங்கள் அவனிடம் சொன்னபோது, "அந்த ஊர்லயும் செருப்பு வெலை அதிகமா?" என்று கேட்டான். வளைவின் உள்பக்கம் தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. வெளிப்பக்கம் தூரம் கூட, சரிவு குறைவு. வெளியே சுற்றி ஓடு, ஹாரன் கேட்டால் மட்டும் உள்ளே வா. அவன் சொன்னது இவ்வளவுதான். இருபது வளைவுக்கும் இது போதும்.

அடுத்தவன் கொலுசுக்காரன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் ராத்திரி வேலை. விரலில் பற்றவைத்த தழும்புகள். வேகமே கிடையாது அவனுக்கு. ஒரு போட்டியில் 10,000 மீட்டர். மைதானத்தைச் சுற்றி 25 சுற்று. வெயில் ஏறிவிட்டது. முன்னால் போகிறவர்கள் அவனை இரண்டு முறை தாண்டிவிட்டார்கள். இந்த மாதிரி நேரத்தில்தான் சுற்று எண்ணுகிறவருக்குக் குழம்பும். எல்லோரும் முடித்துப் படுத்துக் கிடக்கிறோம். கொலுசுக்காரன் கோட்டுக்கு வந்தான். எண்ணுகிறவர், "தம்பி, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். நாங்கள் கத்தினோம், சார், முடிச்சுட்டான் சார். பி.டி. சாரும் சண்டைக்குப் போனார். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி இன்னொரு சுற்று போனான். மைதானத்தில் அவன் ஒருவன்தான். பந்தல் பிரிக்கிறவர்கள் கம்பைத் தோளில் வைத்தபடி நின்று பார்த்தார்கள்.

இருபத்தாறு சுற்று. அவனுக்குத் தெரியும், அவனும் எண்ணிக்கொண்டுதான் ஓடினான்.

ஏண்டா போனாய் என்று கேட்டோம். "பட்டறையில வெள்ளிய எடை போட்டுக் குடுப்பாங்க, எடை போட்டு வாங்குவாங்க. கொறையுதுன்னு சொல்லிட்டா வாதாட முடியுமா? போட்டுத்தான் ஆகணும்" என்றான். அதைச் சொன்னபோது அவனுக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் இன்றுவரை அந்த எண்ணுகிறவர் மேல் கோபம். திரும்பவும் சொல்கிறேன், இருபத்தாறு சுற்று. பதிவேட்டில் இருபத்தைந்து என்றுதான் இருக்கும்.

அப்புறம் நம் நாட்டு மாரத்தான் வீரர் சிவ்நாத் சிங் பற்றிக் கொஞ்சம் சொல்வதாக இருந்தேன். 1978-இல் ஜலந்தரில் அவர் மாரத்தானை ஓடி முடித்த 2 மணி 12 நிமிடத்தை நாற்பது வருடத்துக்கும் மேல் இந்தியாவில் யாராலும் தாண்ட முடியவில்லை. விடுதிச் சுவரில் அந்த எண்ணைக் கரியால் எழுதி வைத்திருந்தோம். அதோடு விட்டுவிடுகிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள்.

முக்கியமான ஆளைக் கடைசிக்கு வைத்தது என் தப்பு. எங்களோடு மலை ஓடிய ஒரே பெண். 1984-க்கு முன் ஒலிம்பிக்ஸிலேயே பெண்களுக்கு 1500 மீட்டரைத் தாண்டி ஓட்டம் கிடையாது; 10,000 மீட்டர் 1988-இல்தான் வந்தது. அதனால் போட்டி என்று அவளுக்கு எதுவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அவள் அம்மா முதல் பஸ்ஸில் ஏறி மேலே ஏரிக்கரையில் சோற்று வாளியோடு காத்திருப்பார். சாப்பிட்டு முடித்து இறங்க ஆரம்பித்தால் மலைக்காரனைத் தவிர எங்களில் ஒருவனும் அவளைப் பிடித்ததில்லை. மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினாலாவது வளைவில் மலைக்காரனையே அவள் தாண்டினாள். எப்படித் தாண்டினாள் என்றால்...

சரி, ஒரு விரலும் மடங்கிவிட்டது. வணக்கம்.