கழுத்து திரும்புகிற ஃபிளாஷ்

நேயர்களுக்கு வணக்கம். காதுகுத்து, வளைகாப்பு, பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம் என்று விசேஷ வீடுகளில் படம் எடுப்பது என் தொழில். கேமராவுக்கு மேலே மாட்டுகிற ஃபிளாஷை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வெளிச்சத்தைப் பற்றி வானொலியில் பேசுவது, சாப்பாட்டைப் பற்றிப் போனில் பேசுவது மாதிரிதான். முயன்று பார்க்கிறேன்.

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். அவன் பெண்ணுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது.

"மாமா, ஒரு ஃபிளாஷ்ல ஜி.என். 60னு போட்டிருக்கு. இன்னொண்ணுல 34தான். 60ஐ வாங்கிடட்டா?"

"அது இருக்கட்டும். தலை திரும்புமா?"

"யார் தலை மாமா?"

"ஃபிளாஷோட தலைடா. மேலேயும் நிமிரணும், பக்கவாட்டிலேயும் சுத்தணும்."

"அதைப் பார்க்கலையே."

கடைக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் ஃபிளாஷின் பலத்தைச் சொல்கிற அந்த ஜி.என். எண்ணைத்தான் பார்ப்பார்கள், கழுத்தைப் பார்ப்பதில்லை. நானும் பார்க்காமல்தான் என் முதல் ஃபிளாஷை வாங்கினேன். விலை குறைவு. தலை மேலே நிமிரும், பக்கவாட்டில் திரும்பாது. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு வளைகாப்புக்குப் போனேன். கேமராவைக் கிடையாகப் பிடித்து எடுத்தவரை குறையில்லை. தலையை நிமிர்த்திவைத்தேன், வெளிச்சம் கூரையில் பட்டு மென்மையாக இறங்கியது. பெண்ணை முழு உருவமாக எடுப்பதற்குக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினேன். ஃபிளாஷும் கூடவே படுத்துக்கொண்டது. கூரையைப் பார்க்க வேண்டிய தலை இப்போது பக்கத்துச் சுவரைப் பார்க்கிறது. அந்தச் சுவருக்குக் கிளிப்பச்சை டிஸ்டம்பர் அடித்திருந்தார்கள். ஆல்பம் போட்டுக் கொடுத்தபோது பெண்ணின் மாமியார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "ஏன் தம்பி, அன்னைக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சா?" என்றார். ஒரு கன்னத்தில் சந்தனம், மறு கன்னத்தில் பாசி. என்ன பதில் சொல்வது?

அதனால்தான் ஜி.என். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பாருங்கள் என்கிறேன். ஃபிளாஷின் முகம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அதை நேராக ஒருவர் முகத்தில் அடித்தால் உச்சி வெயிலில் நிறுத்திவைத்தது போலத்தான். மூக்கு நிழல் கன்னத்தில் கோடு போடும், பின்சுவரில் கரேலென்று இன்னொரு ஆள் நிற்பான், நெற்றியில் எண்ணெய் வழியும். அதே வெளிச்சத்தை வெள்ளைக் கூரையில் அடித்துவிட்டால், முகத்துக்கு வெளிச்சம் தருவது தீப்பெட்டி அல்ல, ஆறடி அகலக் கூரை. மேகம் மூடிய நாளில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் முகம் எப்படி இருக்கும்? அப்படி வரும்.

ஒரு எச்சரிக்கை. ஆளின் தலைக்கு நேர் மேலே அடிக்காதீர்கள், கண்குழி இருண்டுவிடும். கொஞ்சம் உங்கள் பின்பக்கமாகவோ, பக்கத்துச் சுவரும் கூரையும் சேருகிற மூலைக்கோ திருப்புங்கள். சுவர் வெள்ளையாக இருந்தால்தான், அது முக்கியம். பல ஃபிளாஷ்களில் தலைக்குள் ஒரு சின்ன வெள்ளை அட்டை செருகியிருக்கும். அதை இழுத்துவிட்டால் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழும். அட்டை தொலைந்துபோனால் விசிட்டிங் கார்டு, ரப்பர் பேண்ட். நான் கல்யாணப் பத்திரிகையைக் கிழித்தும் கட்டியிருக்கிறேன்.

இனி அந்த ஜி.என். சமாச்சாரம். தூரத்தையும், லென்ஸின் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்கிற அப்பர்ச்சர் எண்ணையும் பெருக்கினால் வருவதுதான் ஜி.என். ஐ.எஸ்.ஓ., அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு, 100இல் இருக்கும்போது 40 என்று போட்டிருந்தால், எஃப்/4 வைத்து 10 மீட்டர் தள்ளி நிற்பவரை நேரடியாக வெளிச்சம் போட்டு எடுக்கலாம். ஆனால் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இன்னொன்று இருக்கும். 60 என்று போட்ட பெட்டியில் "200 மி.மீ." என்றிருக்கும், 34 என்று போட்டதில் "35 மி.மீ." என்றிருக்கும். ஃபிளாஷின் தலைக்குள் இருக்கிற ஜூமை 200க்கு இழுத்து வெளிச்சத்தை ஒடுக்கி அளந்தது ஒன்று. அகலமாக விரித்து அளந்தது மற்றொன்று. ஆகவே இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பலமாகக்கூட இருக்கலாம். பொடி எழுத்தைப் படிக்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது, படியில் அளந்த அரிசியையும் கிலோவில் நிறுத்த அரிசியையும் பக்கத்தில் வைத்துப் பேரம் பேசுவது மாதிரி.

பலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூரையில் பட்டு வரும்போது நாலில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான் முகத்துக்கு வந்து சேரும். பத்தடி உயரக் கூரையுள்ள வீட்டு ஹாலில் அது பெரிய நஷ்டமில்லை, ஐ.எஸ்.ஓ.வை 800க்கு ஏற்றினால் 100இல் தேவைப்பட்ட சக்தியில் எட்டில் ஒன்று போதும். மண்டபத்தில் கூரை இருபத்தைந்து அடி மேலே கிடக்கும், அங்கே நிமிர்த்தி அடித்துப் பயனில்லை.

இந்த எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்றைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் தாத்தா ஞாபகம் வரும். ஃபிளாஷின் திரையில் 1/2, 1/4, 1/8, 1/16 என்று சக்தியைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகலாம். தாத்தா கணக்கில் அது அரை, கால், அரைக்கால், வீசம். அதற்குக் கீழே 1/32 அரைவீசம், 1/64 கால்வீசம். பல ஃபிளாஷ்களில் கடைசியாக நிற்கிற 1/128கூட அரைக்கால்வீசம் என்று பெயரோடு இருக்கிறது. என் உதவியாளர் பையனிடம் "வீசத்துல வைடா" என்பேன், சரியாக வைப்பான்.

அடுத்து பேட்டரி. விசேஷ வீட்டில் மானம் போவது இங்கேதான். குழந்தை கேக்குக்கு முன்னால் இருக்கிறது, மெழுகுவத்தியை ஊதப்போகிறது, ஒரு படம் எடுத்தாயிற்று, அடுத்ததற்கு அழுத்துகிறீர்கள், எரியவில்லை. உள்ளே "க்ஈஈ" என்று கொசு பாடுவது போல ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது. மின்தேக்கி மறுபடி நிரம்புகிற சத்தம் அது. அது நிரம்புவதற்குள் மெழுகுவத்தி அணைந்துவிடும். சாதாரண ஆல்கலைன் பேட்டரியில் இந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போகும். நாலு பேட்டரி போடுகிற ஃபிளாஷ் வாங்கினால், ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையில் எட்டு வாங்குங்கள். நாலு உள்ளே, நாலு பையில். அதன் வோல்ட் 1.2தான், ஆல்கலைனில் 1.5. ஆனாலும் மின்சாரத்தைச் சட்டென்று அள்ளிக் கொடுப்பதில் இதுதான் கெட்டி. கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் லித்தியம் பேட்டரியோடு வருவதை எடுங்கள். கோடாக்ஸ் வி1 மாதிரி ஒன்றில் முழு சக்தியில் அடித்தாலும் ஒன்றரை விநாடியில் தயார். ஒரு சார்ஜில் சுமார் 480 தடவை என்று கம்பெனி சொல்கிறது. நாம் அடிப்பதோ அரைக்காலிலும் வீசத்திலும். ஒரு பிறந்தநாள் முழுக்கத் தாங்கும்.

கேமராவே சக்தியைத் தீர்மானிக்கிற டி.டி.எல். வேண்டுமா, நாமே வைக்கிற மேனுவல் போதுமா? விருந்துக்கு டி.டி.எல். இருந்தால் நிம்மதி. படம் எடுக்கிற கணத்துக்குச் சற்று முன் ஒரு குட்டி வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதைக் கேமரா அளந்து, எவ்வளவு வேண்டும் என்று தானே தீர்மானிக்கும். ஓடுகிற குழந்தைக்குப் பின்னால் ஓடும்போது கணக்குப் போட நேரமில்லை. நம் ஊர் விசேஷங்களில் மட்டும் அது ஒரு தப்புப் பண்ணும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நாலு பேர் வரிசையாக நின்றால், "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று ஏமாந்து குறைத்துவிடும், முகங்கள் கறுத்துப்போகும். ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஈடுகட்டலில் பிளஸ் 1 வைத்துவிடுங்கள். உட்காரவைத்து எடுக்கிற உருவப்படத்துக்கு மேனுவலே மேல். ஆளும் நகரப்போவதில்லை, விளக்கும் நகரப்போவதில்லை.

வாங்குவதற்கு முன் உங்கள் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாட்டி, எரியவைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், மேலே ஃபிளாஷ் மாட்டுகிற தடத்தில் நடுவில் ஒரு பெரிய புள்ளி இருக்கும். ஒற்றைப் புள்ளி மேனுவல் ஃபிளாஷ்கள் எல்லாம் அதை நம்பித்தான் எரிகின்றன. கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் அந்தப் புள்ளியே கிடையாது. நம் பக்கம் புதிதாகப் படம் எடுக்க வருகிற பிள்ளைகள் நிறையப் பேர் கையில் இருப்பது 1500டிதான். மலிவான மேனுவல் ஃபிளாஷ் வாங்கி மாட்டிவிட்டு, கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். அவர்கள் கேனனுக்கென்றே செய்த டி.டி.எல். மாடல் வாங்க வேண்டும், அதையும் மாட்டிப் பார்த்துத்தான். பரணில் அப்பாவின் பழைய ஃபிளாஷ் கிடக்கிறது என்று எடுத்து மாட்டாதீர்கள். சில பழசுகள் 200 வோல்ட்டுக்கு மேல் கேமராவுக்குள் தள்ளும். நல்ல கேமரா கெட்டுப்போய்விடும்.

ஹை ஸ்பீடு சிங்க் என்று ஒன்றை, அதாவது ஷட்டர் மிக வேகமாக ஓடும்போதும் ஃபிளாஷை வேலை செய்யவைக்கிற வசதியை, விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். வீட்டுக்குள் எடுப்பவருக்கு அது தேவையே இல்லை. வெயிலில், பின்னணியை மங்கலாக்கி எடுப்பவருக்கு வேண்டும். வீட்டுக்குள் ஷட்டரை 1/60 சுற்றில் இறக்கி வையுங்கள். சீரியல் பல்பும் குத்துவிளக்கும் படத்தில் உயிரோடு இருக்கும், ஆள் அசைவைப் பெரும்பாலும் ஃபிளாஷே நிறுத்திவிடும்.

உருவப்படம் எடுப்பவர்கள் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து இறக்குங்கள். ரேடியோ உள்ளேயே இருக்கிற ஃபிளாஷ் என்றால் கேமராவில் அதைத் தூரத்திலிருந்தே எரியவைக்கிற ஒரு டிரிக்கர் மட்டும் போதும். ஒரு ஸ்டாண்டு, வெளிச்சத்தைப் பரப்ப ஒரு வெள்ளைக் குடை. ஆளுக்கு ஒரு பக்கமாக, கண்ணுக்குச் சற்று மேலே, படத்தில் விழாத அளவுக்கு எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டே. மறுபக்கம் நிழல் கனமாக இருந்தால் ஒரு தெர்மகோல் பலகை. ஸ்டாண்டின் காலில் தண்ணீர் நிரப்பிய பெரிய பாட்டிலைக் கட்டிவிடுங்கள், விசேஷ வீட்டில் பிள்ளைகள் ஓடுவார்கள்.

அக்கா மகன் கடைசியில் இரண்டு பக்கமும் திரும்புகிற, லித்தியம் பேட்டரி போட்ட ஒன்றை வாங்கினான். விழா அன்று மறுபடி போன். மொட்டைமாடியில் பந்தலாம், மேலே சிவப்பும் மஞ்சளுமாக ஷாமியானா துணியாம். நிமிர்த்தி அடித்தால் குழந்தை குங்குமத்தில் முக்கியெடுத்த மாதிரி வருகிறதாம். "பக்கத்துல வெள்ளையா என்னடா இருக்கு?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா. பெரியப்பாதான் வேட்டி சட்டையில உட்கார்ந்திருக்கார்." "அவர் மேல அடி" என்றேன்.

ராத்திரி படங்களை அனுப்பினான். முதல் பத்துப் படம் நன்றாகவே இருந்தது. பதினொன்றிலிருந்து குழந்தை முகம் இருட்டு. கேட்டால், பெரியப்பாவைப் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம்.